அண்ணன் மகளா, தம்பி மகனா? ஜப்பானிய அரியணையும் அதன் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் பேரரசர் குடும்பத்தின் படம் செய்தியில் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: "ஒரே மகள்தானே, அப்புறம் அவளுக்குத்தானே பட்டம்?" இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஒரு சட்டத்தின் கதையையும், அந்தச் சட்டத்தால் ஒரு குடும்பம் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பக்கம். விவரங்கள் 2025 முடிவு வரையிலானவை. உறவுமுறைகளை நம் சொற்களிலேயே எழுதியிருக்கிறேன். ஜப்பானிய அரியணையின் விதியைப் புரிந்துகொள்ள 'பங்காளி' என்ற நம் சொல்லைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அரியணையில் இருப்பவர் யார்? அவர் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள்?

நருஹித்தோ. 1960இல் பிறந்தவர். 2019 மே 1 அன்று 126ஆவது பேரரசராகப் பொறுப்பேற்றார். மனைவி மசாக்கோ. ஒரே மகள் ஐக்கோ, 2001 டிசம்பர் 1 அன்று பிறந்தவர். நருஹித்தோவின் பெற்றோர் அகிஹித்தோவும் மிச்சிக்கோவும் உயிரோடு இருக்கிறார்கள். அகிஹித்தோ 2019இல் பட்டம் துறந்தவர்.

நருஹித்தோவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பி அகிஷினோ (இயற்பெயர் ஃபுமிஹித்தோ), அவர் மனைவி கிக்கோ. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்: மாக்கோ, காக்கோ என்று இரண்டு பெண்கள், பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு 2006இல் பிறந்த பையன் ஹிசாஹித்தோ. ஐக்கோ அவருக்கு அக்கா முறை, ஐந்து வயது மூத்தவர்.

மொத்தக் குடும்பமே 16 பேர்தான். அதில் ஆண்கள் ஐந்து பேர். பட்டம் துறந்த அகிஹித்தோவையும் பட்டத்தில் இருப்பவரையும் கழித்தால் மிச்சம் மூன்று பேர். வரிசையில் இருப்பதும் அந்த மூவர் மட்டுமே.

அந்த மூவர் யார்?

முதலில் தம்பி அகிஷினோ. 1965இல் பிறந்தவர், அண்ணனைவிட ஐந்தே வயது இளையவர். இரண்டாவது, தம்பி மகன் ஹிசாஹித்தோ. மூன்றாவது, நருஹித்தோவின் சித்தப்பா இளவரசர் ஹிட்டாச்சி. அவர் 1935இல் பிறந்தவர், பிள்ளை இல்லாதவர். அவரோடு பட்டியல் முடிகிறது. நான்காவது ஆள் கிடையாது.

பிரிட்டனில் வரிசை இருபது, முப்பது, நூறு என்று போய்க்கொண்டே இருக்கும். ஜப்பானில் மூன்றோடு நின்றுவிடுகிறது. அந்த மூவரில் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர்.

சொந்த மகள் இருக்கும்போது தம்பிக்கு எப்படிப் போகிறது?

அரச இல்லச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1947இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பிரிவே, அரச மரபின் ஆண்வழியில் வந்த ஆண் பிள்ளைகளுக்குத்தான் அரியணை என்கிறது. இதில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். பட்டத்துக்கு வருபவர் ஆணாக இருக்க வேண்டும். அதோடு அவர் அரச குடும்பத்து ஆணுக்குப் பிறந்தவராகவும் இருக்க வேண்டும். ஐக்கோவின் அப்பாவே பேரரசர் என்பதால் இரண்டாவது நிபந்தனை அவருக்குப் பொருந்துகிறது. முதலாவதில் அவர் வெளியே நிற்கிறார்.

ஜப்பானிய அரசியலமைப்புச் சட்டத்தில் 'ஆண்' என்ற சொல் இல்லை என்பது பலருக்கும் தெரியாது. அரியணை பரம்பரையாக வரும், நாடாளுமன்றம் இயற்றும் அரச இல்லச் சட்டத்தின்படி வரும் என்று மட்டுமே அதன் இரண்டாவது பிரிவு சொல்கிறது. ஆகவே இந்த விதியை மாற்ற அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை. சாதாரணச் சட்டத் திருத்தமே போதும்.

பெண் பேரரசர், பெண்வழிப் பேரரசர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஜப்பானில் நடக்கும் வாதம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நம் வீட்டில் மகன் வயிற்றுப் பேரனும் பேரன்தான், மகள் வயிற்றுப் பேரனும் பேரன்தான். ஆனால் பங்காளி யார் என்று கேட்டால் கணக்கு மாறிவிடும். மகனின் பிள்ளைகள் பங்காளிகள். மகள் வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், அவள் பிள்ளைகள் அந்த வீட்டுப் பங்காளிகள். ஜப்பானிய அரியணை இந்தப் பங்காளிக் கணக்கில்தான் ஓடுகிறது.

ஐக்கோ பட்டத்துக்கு வந்தால் அவர் பெண் பேரரசர். ஆனால் அவர் அப்பா வழியில் வந்தவர், அதாவது பங்காளி வீட்டுப் பெண். வழி அறுபடவில்லை. அவருக்கு வெளியாள் ஒருவரோடு திருமணமாகி, பிறக்கும் பிள்ளை பட்டத்துக்கு வந்தால், அது ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி, பெண்வழிப் பேரரசர். அம்மா மூலமாக மட்டுமே அரச இரத்தம் வந்த ஒருவர் அரியணையில் அமர்ந்ததே இல்லை என்பது ஜப்பானிய மரபுக் கணக்கு. 'ஐக்கோ வரட்டும், ஆனால் அவர் பிள்ளைகள் வரக் கூடாது' என்று சிலர் சொல்வதும், 'ஐக்கோவை விட்டால் அடுத்து அவர் பிள்ளையையும் விடச் சொல்வார்கள், ஆகவே ஐக்கோவே வேண்டாம்' என்று வேறு சிலர் சொல்வதும் இதனால்தான்.

அப்படியானால் பெண்கள் அரியணையில் அமர்ந்ததே உண்டா?

உண்டு. எட்டுப் பெண்கள். அவர்களில் இருவர் இரண்டு முறை பட்டத்துக்கு வந்தார்கள், ஆகப் பத்து ஆட்சிகள். முதலாமவர் சுய்க்கோ. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பட்டத்துக்கு வந்து 628 வரை இருந்தார். புகழ்பெற்ற இளவரசர் ஷோத்தொக்கு இவருடைய மருமகன்தான், இவருக்காக நிர்வாகத்தை நடத்தியவர்.

8ஆம் நூற்றாண்டில் கென்மெய் என்ற பேரரசி தன் மகள் கென்ஷோவுக்குப் பட்டத்தைக் கொடுத்தார். அம்மாவுக்குப் பின் மகள்! ஆண்வழிதான் வேண்டும் என்பவர்கள் இதையும் பெண்வழியாக எண்ணுவதில்லை. கென்ஷோவின் அப்பா குசகாபேயும் ஒரு பேரரசரின் மகன், ஆகவே வழி அப்பா மூலமாகவே வந்தது என்பார்கள். அது சரியான கணக்குத்தான், மறுக்க முடியாது.

கடைசியாக ஆண்ட பெண் கோ-சகுராமாச்சி. 1762இல் தம்பி மோமோஸோனோ இறந்தார். தம்பி மகன் சின்னக் குழந்தை. அந்தக் குழந்தை வளரும்வரை அத்தை அரியணையில் அமர்ந்து, 1771இல் அவனிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். அத்தை தாங்கிப் பிடித்த பட்டம் அது. எட்டுப் பெண்களில் யாரும் பட்டத்தில் இருக்கும்போது மணம் புரியவில்லை, பிள்ளை பெறவில்லை. விதவைகளாகவோ மணமாகாதவர்களாகவோ இருந்தார்கள். மணமான பெண் பேரரசர் என்ற நிலையை ஜப்பான் இதுவரை பார்த்ததில்லை என்பதும் உண்மை.

பின் 'பெண் கூடாது' என்ற விதி எப்போது வந்தது?

1889இல். மெய்ஜி பேரரசர் காலத்தில் முதன்முதலாக அரச இல்லச் சட்டத்தை எழுதியபோது. அதற்கு முன்பு எழுத்தில் அப்படி ஒரு தடை இருந்ததில்லை. 1880களில் அரச இல்ல அமைச்சகம் எழுதிய ஆரம்ப வரைவில் ஆண் வாரிசு இல்லாவிட்டால் பெண்ணும், பெண்வழியும் வரலாம் என்று இடம் விட்டிருந்தார்கள். இனோவே கொவாஷி என்ற அதிகாரி கடுமையாக எதிர்த்தார். பெண் பேரரசருக்குக் கணவன் வந்தால், பிள்ளைக்கு அவன் குடும்பப்பெயர் வரும், அரச மரபே வேறொரு குடும்பத்தின் கைக்குப் போய்விடும் என்பது அவர் வாதம். அந்த வாதம் வென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் புதுச் சட்டம் எழுதியபோதும் அதே முதல் விதியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆயிரம் ஆண்டு மரபு என்று சொல்லப்படுவதன் எழுத்து வடிவத்துக்கு வயது 140கூட ஆகவில்லை. இதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

இத்தனை நூற்றாண்டுகள் ஆண் வாரிசுக்குத் தட்டுப்பாடு இல்லாமல் எப்படி ஓடியது?

பட்டத்தரசியைத் தவிரப் பேரரசர்களுக்குத் துணைவியர் இருந்தார்கள். இதுதான் பதில், இதைப் பலர் சொல்வதில்லை.

மெய்ஜி பேரரசரின் பட்டத்தரசிக்குப் பிள்ளை இல்லை. துணைவியர் மூலம் அவருக்கு 15 பிள்ளைகள் பிறந்தார்கள், ஐந்து ஆண், பத்துப் பெண். அந்த ஐந்து ஆண்களில் பிழைத்தவர் ஒரே ஒருவர். யானகிவாரா நருக்கோ என்ற துணைவியின் மகனான அவர்தான் பிற்பாடு தைஷோ பேரரசர். மெய்ஜியும் துணைவி வயிற்றில் பிறந்தவரே. துணைவியர் மட்டும் இல்லாதிருந்தால் ஆண்வழி அப்போதே முடிந்திருக்கும்.

தைஷோவுக்குப் பட்டத்தரசி மூலமே நான்கு மகன்கள் பிறந்தார்கள். அடுத்து ஷோவா பேரரசர் ஹிரோஹித்தோவுக்கு வரிசையாக நான்கு பெண்கள். துணைவி வைத்துக்கொள்ளும்படி அவரைச் சுற்றியிருந்தவர்கள் நெருக்கினார்கள். அவர் மறுத்துவிட்டார். 1933 டிசம்பர் 23 அன்று ஐந்தாவது பிள்ளை பிறந்தது. டோக்கியோவில் சைரன் சங்கு ஊதி அறிவிப்பதாக ஏற்பாடு: பெண் என்றால் ஒரு முறை, ஆண் என்றால் இரண்டு முறை. முதல் சங்கு ஓய்ந்து, நகரம் காது கொடுத்துக் காத்திருந்த அந்தச் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது சங்கு ஊதியது. பிறந்தவர் அகிஹித்தோ.

1947 சட்டம் முறையான திருமணத்தில் பிறந்தவர்களுக்கு மட்டுமே உரிமை என்றது. அது சரியான முடிவு. ஆனால் ஆண்வழி என்ற விதி துணைவியர் முறையின் மேல் நின்ற விதி. தூணை எடுத்துவிட்டு உத்தரத்தை மட்டும் அப்படியே விட்டார்கள்.

1947இல் 51 பேர் வெளியேறினார்கள் என்கிறார்களே, அது என்ன?

அரச குடும்பத்துக்குக் கிளைக் குடும்பங்கள் இருந்தன. நேர்வழியில் வாரிசு இல்லாதபோது பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவருவது பழைய வழக்கம். 1779இல் கோ-மோமோஸோனோ ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது கான்இன் என்ற கிளையிலிருந்து வந்த சிறுவன்தான் கோக்காக்கு பேரரசர். இன்றைய நருஹித்தோ அந்த வழியில் வந்தவர்.

போருக்குப் பின் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அரச குடும்பத்தின் பணபலத்தைக் குறுக்கியது. 1947 அக்டோபர் 14 அன்று 11 கிளைக் குடும்பங்களைச் சேர்ந்த 51 பேர் அரச நிலையைத் துறந்து சாதாரணக் குடிமக்கள் ஆனார்கள். ஹிரோஹித்தோ குடும்பமும் அவருடைய மூன்று தம்பிகளின் குடும்பங்களும் மட்டுமே மிஞ்சின. அந்தத் தம்பிகளில் மிக்காசா ஒருவருக்கு மட்டுமே பிள்ளைகள். அவருடைய மூன்று மகன்களும் 2002, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் அவர் கண்முன்னே போய்விட்டார்கள். அவர் 2016இல் நூறு வயதில் காலமானார். அந்த மகன்கள் விட்டுச் சென்றவர்கள் எல்லாம் பெண்கள்.

அகிஷினோ 'பட்டத்து இளவரசர்' தானே?

சட்டப்படி முழுக்க அப்படி இல்லை. 'கோத்தைஷி' என்ற பட்டம் பேரரசரின் மகனாக இருக்கும் வாரிசுக்கு உரியது. அகிஷினோ தம்பி, ஆகவே 'கோஷி', அதாவது அரச வாரிசு. 2020 நவம்பர் 8 அன்று அதற்கான சடங்கு நடந்தது.

இளவரசிக்குத் திருமணமானால் என்ன ஆகும்?

வெளியே போக வேண்டும். சட்டத்தின் 12ஆவது பிரிவு அது. அரச குடும்பத்தைச் சேராத ஒருவரை மணக்கும் பெண் தன் அரச நிலையை இழக்கிறார். பிரபுக்கள் என்ற வகுப்பே 1947இல் ஒழிந்துவிட்டது, வீட்டுக்குள் மணமாகாத ஆண் என்று பார்த்தால் தம்பி முறையிலான ஹிசாஹித்தோ ஒருவர்தான். ஆகவே எந்தத் திருமணமும் வெளித் திருமணமே. ஆண்களுக்கு இந்த விதி கிடையாது. அவர்கள் மணக்கும் பெண் உள்ளே வருகிறார், மசாக்கோவும் கிக்கோவும் மிச்சிக்கோவும் அப்படி வந்தவர்களே.

நருஹித்தோவின் தங்கை சயக்கோ 2005இல் டோக்கியோ மாநகர நிர்வாகத்தில் பணிபுரிந்த ஒருவரை மணந்தார். மீன்கொத்தி பற்றி ஆராய்ச்சி செய்தவர் சயக்கோ. மணநாளோடு இளவரசி நிலை போயிற்று. பிறகு 2017இல் ஈசே பெருங்கோயிலின் தலைமைப் பூசாரிப் பொறுப்பு அவரிடம் வந்தது. அரச குடும்பத்தின் குலதெய்வக் கோயில் அது! அங்கே முதன்மையாக நின்று வழிபடலாம், வீட்டு உறுப்பினராக மட்டும் இருக்கக் கூடாது.

அகிஷினோவின் மூத்த மகள் மாக்கோவின் கதை இன்னும் வலி மிகுந்தது. கல்லூரித் தோழரை மணக்க முடிவு செய்தார். மாப்பிள்ளை வீட்டின் பண விவகாரத்தை வைத்துப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் எழுதின. வெளியேறும் இளவரசிக்கு அரசு தரும் தொகை ஏறத்தாழ 15 கோடி யென். அது வேண்டாம் என்று மாக்கோ சொல்லிவிட்டார். சடங்குகளும் நடக்கவில்லை. 2021 அக்டோபர் 26 அன்று காலை, வாசலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குனிந்து வணங்கினார். தங்கை காக்கோ முன்னால் வந்து அவரைக் கட்டி அணைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் பொது இடத்தில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதைப் பார்க்கவே முடியாது. கூடப் பிறந்தவளை வழியனுப்பும் எந்த வீட்டு வாசலிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது.

மணமாகாத இளவரசிகள் இப்போது ஐந்து பேர். அவர்கள் ஒவ்வொருவராக மணமுடித்தால் 16 பேர் கொண்ட குடும்பம் 11 ஆகும். மருத்துவமனை, விழா, வெளிநாட்டுப் பயணம் என்று பொதுக் கடமைகளில் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் இந்தப் பெண்களே.

குடும்பப்பெயர் என்ன? வாக்களிப்பார்களா?

குடும்பப்பெயர் கிடையாது. வாக்குரிமையும் இல்லை. எல்லா ஜப்பானியர்களுக்கும் உள்ள குடும்பப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது, தனியாக அரச மரபுப் பதிவேடு இருக்கிறது. மணமாகி வெளியேறும் இளவரசிக்குத்தான் முதன்முறையாகக் குடும்பப்பெயரும் வாக்கும் கிடைக்கும்.

பேரரசி மசாக்கோவுக்கு என்ன நேர்ந்தது?

ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர், வெளியுறவு அமைச்சகத்தில் அதிகாரி. 1993 ஜூன் 9 அன்று நருஹித்தோவை மணந்தார். அன்றிலிருந்து நாடு அவரிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. 1999இல் கரு கலைந்தது. 2001இல் ஐக்கோ பிறந்தார். மணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த குழந்தையைக் கொஞ்சி முடிப்பதற்குள், 'அடுத்து பையன் எப்போது' என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

2003 இறுதியில் அவர் பொதுக் கடமைகளிலிருந்து விலகினார். 2004 மே மாதம் நருஹித்தோ செய்தியாளர்களிடம், மசாக்கோவின் தொழில் வாழ்வையும் ஆளுமையையும் மறுதலிக்கும் போக்கு இருந்தது உண்மை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடக்கமே இயல்பான ஒரு குடும்பத்தில், அப்போது வாரிசாக இருந்தவர் மனைவிக்காக அப்படி எழுந்து பேசியது நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு ஜூலையில், மசாக்கோவுக்கு இணக்கச் சீர்குலைவு என்ற மனநலச் சிக்கல் இருப்பதாக அறிவித்தார்கள்.

ஆண்வழி பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஏட்டுச் சட்டமாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சட்டத்தின் முழு எடையும் ஒரு பெண்ணின் கருப்பையின் மீது இறங்குகிறது. மசாக்கோவுக்கு நேர்ந்தது அதுதான்.

சட்டத்தை மாற்ற யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள், கிட்டத்தட்ட வெற்றியும் பெற்றார்கள். பிரதமர் கொய்ஸுமி அமைத்த நிபுணர் குழு 2005 நவம்பரில் தெளிவாகப் பரிந்துரைத்தது: தலைச்சன் பிள்ளைக்கே அரியணை, ஆணோ பெண்ணோ. பெண்வழிக்கும் இடமுண்டு. 2006இல் மசோதா வருவதாக இருந்தது.

2006 பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கொய்ஸுமியை ஒரு செய்தி எட்டியது. அகிஷினோவின் மனைவி கிக்கோ கருவுற்றிருக்கிறார். மசோதா அப்படியே நின்றது. செப்டம்பர் 6 அன்று பிறந்தது பையன். 41 ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் ஆண் பிள்ளை. மசோதாவைக் கட்டி வைத்தார்கள்.

குழந்தை பிறந்தது நல்ல செய்தி. ஆனால் ஒரு குழந்தை பிறந்ததால் பிரச்சினை தீர்ந்தது என்று நாடு முடிவு செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தீர்க்க வேண்டிய வேலையை அந்தக் குழந்தையின் தலையில் வைத்துவிட்டார்கள்.

அகிஹித்தோ ஏன் பட்டம் துறந்தார்? அது சாதாரணமா?

சாதாரணமே இல்லை. 1817இல் கோக்காக்கு துறந்த பிறகு யாரும் துறந்ததில்லை, சட்டத்தில் அதற்கு இடமும் இல்லை. 2016 ஆகஸ்ட் 8 அன்று அகிஹித்தோ தொலைக்காட்சியில் மக்களிடம் பேசினார். வயதாகிறது, கடமையை முழுமையாகச் செய்ய முடியாமல் போகுமோ என்று கவலையாக இருக்கிறது என்றார். 'விலகுகிறேன்' என்ற சொல்லை அவர் எங்கேயும் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் பேரரசருக்கு அரசியல் அதிகாரம் கிடையாது, சட்டத்தை மாற்றுங்கள் என்று அவர் கேட்கவும் கூடாது. மக்களுக்குப் புரிந்தது. 2017இல் அவர் ஒருவருக்கு மட்டும் பொருந்துமாறு தனிச் சட்டம் வந்தது. 2019 ஏப்ரல் 30 அன்று துறந்தார்.

மறுநாள் காலை அரண்மனையின் பைன் மண்டபத்தில் நருஹித்தோ முன் அரச சின்னங்களான வாளும் மணிக்கல்லும் உறையில் சுற்றியபடி வைக்கப்பட்டன. அந்தச் சடங்கு சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அரச குடும்பத்தில் வயது வந்த ஆண்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பதால் உடன் நின்றவர்கள் தம்பியும் சித்தப்பாவும் மட்டும். மசாக்கோ அங்கே இல்லை. பேரரசியாகப் போகிறவருக்கே அந்த அறையில் இடமில்லை. ஆனால் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் அமைச்சர் கத்தயாமா சத்சுக்கி அங்கே நின்றார். அமைச்சர்கள் சாட்சிகள், சாட்சிக்கு ஆண் பெண் விதி இல்லை.

ஒரு பையனைத் தத்து எடுத்துக்கொள்ளலாமே?

சட்டத்தின் 9ஆவது பிரிவு தத்தெடுப்பதைத் தடுக்கிறது. அதைத் தளர்த்தலாமா என்பதுதான் இப்போதைய விவாதம். 2021 டிசம்பரில் இன்னொரு நிபுணர் குழு இரண்டு வழிகள் சொன்னது. ஒன்று, இளவரசிகள் மணமான பிறகும் அரச குடும்பத்திலேயே இருக்கலாம். இரண்டு, 1947இல் வெளியேறிய 11 குடும்பங்களின் ஆண்வழி வாரிசுகளைத் தத்து எடுக்கலாம். தத்து வந்தவருக்கே பட்ட உரிமை இருக்காது, அவருக்கு உள்ளே வந்த பிறகு பிறக்கும் மகனுக்கு இருக்கும். ஐக்கோ பட்டத்துக்கு வரலாமா என்ற கேள்வியை அந்தக் குழு தொடவே இல்லை.

இரண்டாவது வழியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அந்த 11 குடும்பங்களும் ஃபுஷிமி என்ற கிளையிலிருந்து வந்தவை. ஆண்வழியில் கணக்கிட்டால் இன்றைய பேரரசரோடு அவர்கள் ஒன்று சேரும் மூதாதை சுமார் 600 ஆண்டுகளுக்கு முந்தியவர். ஆனால் பெண்வழியில் பார்த்தால் அவர்களில் சிலர் மிக நெருக்கம். மெய்ஜியின் பெண்களில் பிழைத்த நால்வரும் இந்தக் கிளைகளில்தான் வாழ்க்கைப்பட்டார்கள். ஹிரோஹித்தோவின் மூத்த மகள் ஷிகெக்கோவும் அந்தக் கிளைகளில் ஒன்றான ஹிகாஷிகுனி வீட்டுக்கே போனார். அதாவது அவர் பிள்ளைகள் நருஹித்தோவுக்குச் சொந்த அத்தை பிள்ளைகள். அத்தை பிள்ளைகள் என்ற உறவு செல்லாது, 600 வருடப் பங்காளி உறவு செல்லும் என்கிறது சட்டம்.

இப்போது என்ன நிலை?

2024 முதல் கட்சிகள் கூடிப் பேசி வருகின்றன. மணமான இளவரசி குடும்பத்தில் நீடிப்பதில் ஓரளவு இணக்கம் உண்டு. அவர் கணவரும் பிள்ளைகளும் அரச நிலை பெறுவார்களா என்பதில் இழுபறி. அம்மா இளவரசி, அப்பாவும் பிள்ளையும் சாதாரணக் குடிமக்கள், ஆனால் ஒரே வீடு என்ற நிலையை யார்தான் விரும்புவார்கள்? 2024 அக்டோபரில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா குழு வாரிசு விதியை மாற்றப் பரிந்துரைத்தது. ஜப்பான் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 2025 அக்டோபரில் தக்கயிச்சி சனயே நாட்டின் முதல் பெண் பிரதமரானார். அவரும் ஆண்வழியை ஆதரிப்பவர்.

மக்கள் வேறு பக்கம் நிற்கிறார்கள். கருத்துக்கணிப்பு எடுக்கும்போதெல்லாம் பெண் பேரரசர் வரலாம் என்பவர்களே பெரும்பான்மை.

மற்ற நாடுகளில்?

ஐரோப்பாவில் பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். ஸ்வீடனில் 1979இல் பிறந்த இளவரசர் கார்ல் ஃபிலிப் சில மாதங்களே பட்டத்து இளவரசர். 1980 ஜனவரி 1 முதல் அக்கா விக்டோரியா அந்த இடத்துக்கு வந்தார். பிரிட்டன் 2013இல் சட்டம் செய்தது, அதனால்தான் இளவரசர் வில்லியமின் மகள் சார்லட் தன் தம்பி லூயிக்கு முன்னால் நிற்கிறார். ஸ்பெயினில் இன்னும் மகனுக்கே முன்னுரிமை, ஆனால் மகன் இல்லாவிட்டால் மகளுக்கு வரும்.

ஐக்கோ இப்போது என்ன செய்கிறார்?

2024இல் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் படித்து முடித்து, அந்த ஏப்ரல் முதல் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். 2025 நவம்பரில் லாவோசுக்குப் போனார், தனியாக அவர் மேற்கொண்ட முதல் அதிகாரப்பூர்வ வெளிநாட்டுப் பயணம் அது. மக்கள் அவர் மீது வைத்திருக்கும் பிரியம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. மேலும் பத்து வருடம் விவாதித்துக்கொண்டே இருந்தால், அதற்குள் அவர் மணமாகி வெளியேறியிருக்கக்கூடும். காலம் கடத்துவதும் ஒரு முடிவாகிவிடுகிறது என்பதே என் கவலை.

ஹிசாஹித்தோ?

பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விவாதத்தில் அவரை ஒரு பெயராக மட்டுமே பேசுகிறார்கள். தும்பிகள் மீது சின்ன வயதிலிருந்தே ஆசை, அவற்றைப் பற்றி ஆய்வும் செய்தவர். 2025 ஏப்ரலில் சுக்குபா பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கச் சேர்ந்தார்.

2025 செப்டம்பர் 6, அவருடைய 19ஆவது பிறந்தநாள். அரண்மனையில் வயதுக்கு வந்த சடங்கு. சிறுவருக்குரிய உடையில் வந்து அமர்ந்தார். தலையிலிருந்த சிறுவர் குல்லாவை எடுத்துவிட்டுப் பெரியவருக்குரிய கறுப்புத் தலையணியைச் சூட்டினார்கள். வெள்ளைக் கயிற்றைத் தாடையின் கீழ் முடிந்து, நீண்டிருந்த இரண்டு நுனிகளையும் கத்தரியால் வெட்டினார்கள். மண்டபம் அத்தனை அமைதியாக இருந்ததால் கத்தரியின் ஓசை தனியாகக் கேட்டது. பிறகு குதிரை வண்டியில் ஏறி மூதாதையரை வணங்கப் போனார்.

இதற்கு முன் அந்தச் சடங்கு நடந்தது 1985இல், அவர் அப்பாவுக்கு. இடையில் 40 ஆண்டுகள். சட்டம் இப்படியே இருந்தால், அடுத்து அந்தத் தலையணியைச் சூட அவருக்கு ஒரு மகன் பிறந்தாக வேண்டும். இதை நன்கு தெரிந்துகொண்டுதான் ஒரு பெண் அந்த வீட்டுக்கு மருமகளாக வர வேண்டியிருக்கும்.